மே ஹாங் சொன் மலைநாட்டுக்குக் குடும்பத்துடன் செல்வது பற்றி: பாதை, பருவம், கயான் ஊர்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். தாய்லாந்தின் வடமேற்கு மூலையில், மியான்மர் எல்லையை ஒட்டியிருக்கும் மே ஹாங் சொன் மாகாணத்துக்குப் பொங்கல் விடுமுறையில் சென்றுவர எண்ணியிருக்கிறேன். என் மனைவியும், கோவையில் கல்லூரியில் படிக்கும் மகளும், 68 வயதாகும் என் தாயாரும் உடன் வருகிறார்கள். தாய்லாந்து என்று வாயெடுத்தாலே கேட்பவர்கள் பட்டாயாவா என்று சிரிக்கிறார்கள். பயண முகவர்களிடம் விசாரித்தாலும் பாங்காக், பட்டாயா, புக்கெட் என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லை. எங்களுக்குக் கடற்கரையில் அவ்வளவு நாட்டமில்லை. மலையையும் காட்டையும் அங்கே வாழும் மக்களையும் அவசரமில்லாமல் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் விருப்பம்.

நான் படித்த வரையில், அம்மாகாணம் பரப்பில் நம் ஈரோடு மாவட்டத்தைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். மக்கள்தொகையோ மூன்று லட்சத்துக்கும் குறைவு. நிலத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் காடு. ஷான், கரேன், லிசு, லாஹு, ஹ்மோங், லாவா, கயான் என்று பல இனத்தார் அங்கே வாழ்கிறார்கள்.

ஐயங்கள் சில உண்டு. என் தாயார் பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறுவதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி உட்கார்ந்துவிடுபவர். அந்த மலைப்பாதையை அவர் தாங்குவாரா? அவர் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். ஜனவரி மாதம் அங்கே ஏற்ற காலந்தானா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

இவற்றையெல்லாம்விட வீட்டுக்குள் விவாதமாகிவிட்ட ஒன்றும் உண்டு. கழுத்தில் பித்தளைச் சுருள் அணியும் கயான் பெண்களின் ஊர்கள் அங்கே உள்ளன. நுழைவுக் கட்டணம் கொடுத்துவிட்டு உள்ளே சென்று பார்க்கலாம் என்கிறார்கள். மனிதர்களைப் பார்க்கச் சீட்டு வாங்குவது என்ன நாகரிகம் என்று மகள் கேட்கிறாள். அவ்வளவு தூரம் போய்விட்டு அதைப் பார்க்காமல் வருவதா என்பது மனைவியின் கேள்வி. இருவருக்கும் நடுவில் என்னால் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. சென்றவர்களும் சிந்தித்தவர்களும் வழி சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பதில்: பொள்ளாச்சியிலிருந்து

கோபி நண்பருக்கு வணக்கம். வால்பாறைச் சாலையில் ஓட்டிப் பழகிய கையோடு அந்தப் பாதை முழுவதையும் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில், பாதையைப் பற்றியும் பருவத்தைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன். கயான் ஊர்களைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

சியாங் மாய் நகருக்குச் சற்று வடக்கே தொடங்கும் 1095ஆம் எண் நெடுஞ்சாலை, பாய் என்ற சிற்றூர் வழியாக மே ஹாங் சொன் நகரை அடைகிறது. அங்கிருந்து 108ஆம் எண் நெடுஞ்சாலை தெற்கே குன் யுவாம், மே சரியாங் ஆகிய ஊர்களைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் சியாங் மாய்க்கே வந்து சேர்கிறது. மொத்தம் சுமார் 600 கிலோமீட்டர். இந்த வட்டத்தில் 1,864 வளைவுகள் இருப்பதாக அவ்வூரார் பெருமையாகச் சொல்வார்கள். சுற்றி முடித்தவர்களுக்குச் சான்றிதழ்கூடத் தருகிறார்கள். வால்பாறையின் 40 கொண்டை ஊசிகளையும் திம்பத்தின் 27 கொண்டை ஊசிகளையும் பெரிதாகப் பேசும் நமக்கு அந்த எண்ணைக் கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் அவை எல்லாமே கொண்டை ஊசிகள் அல்ல. சாலையின் தரம் நன்று; நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு. சிரமம் வேறு விதமானது. இங்கே ஒரு மலையை ஏறிவிட்டால் அத்துடன் வளைவுகள் தீர்ந்துவிடும். அங்கே ஒரு மலையிலிருந்து இறங்கியவுடனேயே அடுத்த மலை தொடங்கிவிடும்.

ஆகவே உங்கள் தாயாரை அங்குள்ள சிறு வேன்களில் ஏற்றாதீர்கள். சியாங் மாயிலிருந்து பாய் வரையிலான 130 சொச்சம் கிலோமீட்டரை அவை மூன்று மணி நேரத்தில் கடந்துவிடும். அந்த வேகத்தைப் பின்னிருக்கையில் உட்கார்ந்து தாங்குவது இளைஞர்களுக்கே கடினம். ஓட்டுநருடன் ஒரு காரை அமர்த்திக்கொண்டு, தாயாரை முன்னிருக்கையில் அமர்த்தி, பாயில் ஓர் இரவும், அதற்கு அடுத்துள்ள பாங் மாஃபா பகுதியில் ஓர் இரவும் தங்கிச் செல்லுங்கள். பாய் ஊரை வெளிநாட்டு இளைஞர்களுக்கான விடுதிகளும் மதுக்கடைகளும் நிறைத்துவிட்டன. இரவு தங்குவதற்கு மேல் அங்கே உங்களுக்கு வேலையிருக்காது என்பது என் கருத்து. திரும்பும்போது 108 வழியாக வாருங்கள். தொலைவு அதிகமானாலும் ஏற்ற இறக்கம் சற்றுக் குறைவு. நீங்களே ஓட்டுவதாக இருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொள்ள வேண்டும். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி இந்தியா வழங்கும் உரிமம் அங்கே செல்லும்.

பாங் மாஃபாவில் தங்கச் சொல்வதற்குக் காரணம் தாம் லோட் குகை. நாம் லாங் என்ற ஆறு மலையைத் துளைத்துக்கொண்டு இக்குகைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறுகிறது. குகையின் நீளம் சுமார் 1,600 மீட்டர். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஷான் ஊர்ப் பெண்கள். கையில் பெட்ரோமாக்ஸ் போன்ற ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்கிறார்கள். அந்த வெளிச்சம் எட்டும் அளவுக்குத்தான் நமக்குக் குகை தெரியும். அதற்கப்பால் தண்ணீரின் ஓசை மட்டும் கேட்கும். மூங்கில் தெப்பத்தில் உட்கார்ந்ததும் பெரிய பெரிய மீன்கள் கூட்டமாகத் தெப்பத்தை உரசிக்கொண்டு வருகின்றன. கடைசி அறையில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட தேக்கு மரச் சவப்பெட்டிகள், முழு அடிமரத்தைக் குடைந்து செய்யப்பட்டவை, கிடக்கின்றன. அங்கே ஏறும் மரப்படிகள் செங்குத்தானவை. தாயார் தெப்பத்தோடு நின்றுகொள்ளட்டும். பொழுது சாயும் நேரத்தில் சென்றால், உழவாரன் குருவிகள் கணக்கில்லாமல் குகைவாயில் வந்து அடைவதைப் பார்க்கலாம். அதற்கு எந்தப் படியும் ஏற வேண்டியதில்லை.

பருவத்தைப் பொறுத்தவரை ஜனவரி மிக நல்ல தேர்வு. பகலில் இதமான வெயில் இருக்கும். விடியற்காலையில் பாங் உங் ஏரிக்கரையில் ஊட்டிக் குளிருக்கான உடுப்பு வேண்டும். நவம்பரில் குன் யுவாம் அருகே டோய் மே ஊ கோ மலை முழுவதும் மஞ்சள் நிறக் காட்டுச் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். அது உங்களுக்குத் தப்பிவிடும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை புகைக்காலம். எதிர்மலை கண்ணுக்குத் தெரியாது, மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. ஷான் சிறுவர்களை இளவரசர்களைப் போல் அலங்கரித்துத் தோளில் சுமந்து சென்று துறவு பூணச் செய்யும் போய் சாங் லாங் திருவிழா, போதாத குறைக்கு, அந்தப் புகைக்காலத்தில்தான் வருகிறது.

கொச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ பாங்காக் வரை விமானம், அங்கிருந்து சியாங் மாய்க்கு விமானம் அல்லது இரவு ரயில். ரயிலில் கீழ்ப்படுக்கை எடுத்துக்கொண்டால் தாயார் நிம்மதியாக உறங்கிக்கொண்டு வரலாம். 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கு அளித்தார்கள்; இத்தகைய விதிகள் மாறக்கூடியவை என்பதால் பயணச்சீட்டு எடுக்கும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள். 2025 மே மாதத்திலிருந்து இணையவழி வருகை அட்டையும் கட்டாயம். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளங்களில் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

பதில்: காங்கேயத்திலிருந்து

அண்ணாவுக்கு வணக்கம். சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் என் மாமியாரும் உங்கள் தாயாரைப் போலத்தான். கவுச்சி சமைத்த பாத்திரம் என்று தெரிந்தாலே எழுந்துவிடுவார்.

அங்கே சைவம் என்று சொல்லி வாங்கும் பண்டத்திலும் மீன் சாறு கலந்திருக்கும். அவர்கள் அதை உப்பைப் போல் பாவிப்பதால் அசைவமாக எண்ணுவதில்லை; குழம்பு மசாலாவில் இறால் விழுதும் இருக்கும். ஆகவே இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் போதாது. ‘கின் ஜே’ என்று சொல்லுங்கள். சீன வழிவந்த கடும் சைவ நோன்பைக் குறிக்கும் சொல் அது. முட்டை, மீன் சாறு மட்டுமல்லாமல் வெங்காயம், பூண்டுகூட அதில் சேராது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகள் அந்த வகை. மலையூர்களில் அத்தகைய கடைகள் குறைவு என்பதால் ‘மை சை நம் ப்லா’, அதாவது மீன் சாறு ஊற்ற வேண்டாம் என்பதையும் தாய் எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஷான் மக்களின் ஊர் என்பதில் உங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. அவர்களுடைய டோஃபு சோயாவில் செய்வதல்ல. கடலை மாவைக் கரைத்துக் காய்ச்சி உறையவைத்துத் துண்டு போடுவது. மே ஹாங் சொன் காலைச் சந்தையில் அதை எண்ணெயில் பொரித்துச் சுடச்சுடத் தருவார்கள். ஒரு கடி கடித்தவுடன் பஜ்ஜிக்கடை நினைவுக்கு வந்து என் மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. அதே சந்தையில் வட்டவட்டமாகக் காயவைத்த புளித்த சோயா வில்லைகளும் இருக்கும்; சைவந்தான் என்றாலும் அதன் வாடையை உங்கள் தாயார் பொறுப்பாரா என்பது சந்தேகம். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் எடுத்துச் செல்லுங்கள். வெறுஞ்சோறு எங்கும் கிடைக்கும்.

பதில்: தாளவாடியிலிருந்து

தம்பிக்கு வணக்கம். நான் தாய்லாந்துக்குச் சென்றதில்லை. தாளவாடி, பர்கூர்ப் பக்கத்து மலையூர்களில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன்; பார்க்கப்படுகிறவர்களின் பக்கத்தில் நெடுங்காலம் இருந்தவன். அந்த நாட்டுச் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருவதால், உங்கள் மகள் எழுப்பிய கேள்விக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.

கயான் மக்கள் மே ஹாங் சொன்னின் தொன்மையான குடிகள் அல்லர். மியான்மரின் கயா மாநிலத்தில் ராணுவத்துக்கும் இனப் படைகளுக்கும் நடந்த போருக்குத் தப்பி, 1980களின் பிற்பகுதியிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள். அகதிகளாகையால் விரும்பிய இடத்துக்குப் போகவும் விரும்பிய வேலையைச் செய்யவும் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை; சுற்றுலாப் பயணிகள் வந்து பார்க்கும் ஊர்களில் இருப்பதே பிழைப்பாயிற்று. அவர்களில் சிலருக்கு நியூசிலாந்தும் பின்லாந்தும் குடியேற இடமளிக்க முன்வந்தபோதும், நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி கிடைக்காமல் அவர்கள் காத்துக் கிடந்தார்கள். 2008இல் ஐக்கிய நாடுகளின் அகதிகள் முகமை இதை வெளிப்படையாகக் கண்டித்தது. இந்த ஊர்களைக் குறித்து மனிதக் காட்சிச்சாலை என்ற சொல் அப்போது பரவலாகப் பேசப்பட்டது. உங்கள் மகள் எழுப்பும் கேள்வி அந்த மக்களுக்காகவே முன்னர் எழுப்பப்பட்ட கேள்விதான். சின்னப் பெண் ஏதோ சொல்கிறாள் என்று தள்ளிவிடாதீர்கள்.

நாமும் இதற்கு விலக்கல்ல. ஊட்டித் தாவரவியல் பூங்காவின் மேற்புறத்தில் இருக்கும் மந்து எனப்படும் தோடர் குடியிருப்புக்குள் நம்மவர்கள் எத்தனை பேர் அழைப்பில்லாமல் நுழைந்து, வாசலில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டியின் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்! தாளவாடிப் பக்கத்திலும் விடுமுறை நாட்களில் சோளகர் குடியிருப்புகளுக்கு முன் கார்கள் நிற்பதுண்டு. இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, பாட்டுப் பாடி ஆடிக் காட்டுவார்களா என்பது. அந்த ஊருக்குப் பேருந்து வருகிறதா, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மலையில் பிறந்தவர்களுக்குத் தாங்கள் யார் என்பதை அரசாங்கத்துக்கு மெய்ப்பிப்பதே பெரும்பாடு என்பது அங்கும் இங்கும் ஒன்றாகவே இருக்கிறது. தாய்லாந்தின் மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் குடியுரிமை கிடைக்காதவர்கள் பல லட்சம். 4,83,000க்கும் மேற்பட்டோருக்கு நிரந்தரக் குடியிருப்பையும் குடியுரிமையையும் விரைவாக வழங்க அந்நாட்டு அமைச்சரவை 2024 அக்டோபரில்தான் ஒப்புதல் அளித்தது. இங்கே பர்கூர் மலையில் இருக்கும் மலையாளி என்ற மலைவாழ் இனத்தாரை (கேரளத்தவர் அல்லர்) எடுத்துக்கொள்ளுங்கள். சேலம், தருமபுரிப் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய உறவினர்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். இவர்கள் ஈரோடு மாவட்டத்தில் இருப்பதால் பட்டியலில் இல்லை. அந்தச் சான்றிதழ் இல்லாததால் மேற்படிப்பைக் கைவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பொள்ளாச்சி நண்பர் எழுதிய புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே எல்லோரும் முதலில் பழிசொல்வது, காட்டை எரித்துப் பயிரிட்டு, பிறகு பல ஆண்டுகள் நிலத்தைத் தரிசாக விட்டுவைக்கும் கரேன் மக்களை. எல்லையின் இரு புறமும் பெருகிவிட்ட மக்காச்சோளக் காடுகளின் தட்டை எரிப்பும், மியான்மரிலிருந்து காற்றில் வரும் புகையும் அந்தப் பேச்சில் பின்னால் போய்விடுகின்றன. கரேன் மக்களின் அந்தச் சுழற்சி வேளாண்மையைக் காக்க வேண்டும் என்று 2010இல் அந்நாட்டு அமைச்சரவையே தீர்மானம் செய்திருக்கிறது. நம் எல்லைக்கு அப்பாலுள்ள பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களும், சருகுக்குச் சிறுதீ வைக்கும் வழக்கத்தை வனத்துறை நிறுத்திய பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடிவிட்டது என்கிறார்கள். மலைமக்களைப் பார்க்கப் போகிறவர்கள் இவற்றைத் தெரிந்துகொண்டு போனால், அங்கே கேட்பதற்கு நல்ல கேள்விகள் சில கைவசம் இருக்கும்.

பதில்: பெருந்துறையிலிருந்து

தாளவாடி ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து, போகவே கூடாது என்ற முடிவுக்கு யாரேனும் வந்துவிட்டால் அதில் எனக்கு உடன்பாடில்லை. 2008இல் அகதிகள் முகமை அந்த ஊர்களைப் புறக்கணிக்கச் சொன்னது, வெளியேற அனுமதி மறுக்கப்பட்டிருந்த சூழலில். இன்று அங்கே இருக்கும் பெண்களுக்குத் துணி நெய்து விற்பதும் வருகிறவர்களை வரவேற்பதும்தான் கையில் காசு புரளும் வழி. நாம் நம் மனச்சான்றைக் காப்பாற்றிக்கொண்டு சியாங் மாயிலேயே இருந்துவிட்டால் அவர்கள் கடையில் அன்றைக்கு விற்பனை இல்லை, அவ்வளவுதான்.

எந்த ஊருக்குப் போகிறோம் என்பதில் வேறுபாடு இருக்கிறது. சியாங் மாய், சியாங் ராய் நகரங்களுக்கு அருகில், பல இனத்தாரையும் ஓரிடத்தில் கொண்டுவந்து வைத்துச் சீட்டுக் கிழிக்கும் ‘ஊர்கள்’ இருக்கின்றன. அவை ஊர்களே அல்ல, அவற்றுக்குப் போகாதீர்கள். மே ஹாங் சொன்னில் இருப்பவை மக்கள் உண்மையிலேயே குடியிருக்கும் ஊர்கள். அவற்றில் ஹுவாய் பு கெங் என்ற ஊருக்குப் பாய் ஆற்றில் படகில் போக வேண்டும். அங்கே ஊராரே சேர்ந்து விருந்தினரை வீட்டில் தங்கவைக்கவும், நெசவும் மரவேலையும் சொல்லிக்கொடுக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அரை மணி நேரம் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவராக இல்லாமல், ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து அவர்களிடம் ஒன்றைக் கற்றுக்கொள்கிறவராகப் போகலாம்.

நாங்கள் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரம்மா, பின்புறம் வெட்டித் திறந்து துணியால் முடிந்துகொள்ளும்படி வைத்திருந்த ஒரு சுருளை என் மனைவியின் கையில் கொடுத்தார். தனித்தனி வளையங்கள் என்று நாங்கள் நினைத்தது ஒரே பித்தளைக் கம்பியைச் சுற்றிய சுருள். இரண்டு கையாலும் வாங்க வேண்டிய கனம். கழுத்து நீள்வதில்லை என்றும், அந்தக் கனம் காறை எலும்பையும் விலாவையும் கீழே அழுத்துவதால் நீண்டதுபோல் தோன்றுகிறது என்றும் மருத்துவர்கள் சொல்வது அந்தக் கனத்தைத் தூக்கிப் பார்த்தால் விளங்குகிறது. அவருடைய தாடைக்குக் கீழே உரசாமல் இருக்கச் சிறு துணியை மடித்து வைத்திருந்தார். மூத்த மகள் அணியவில்லை, இளைய மகள் அணிந்திருக்கிறாள். அது அவரவர் விருப்பம் என்றார். அவர் அதைப் பற்றிப் பேசியதைவிட, இந்தியாவில் நெல்லுக்கு என்ன விலை, பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பார்களா என்று எங்களிடம் கேட்டதுதான் அதிகம்.

உங்கள் மகளை அழைத்துச் செல்லுங்கள். அவள் தன் ஐயத்துடனேயே வரட்டும். கைபேசியை எடுக்கும் முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் வைத்துவிடுங்கள்.

பதில்: சென்னிமலையிலிருந்து

அண்ணாவுக்கு வணக்கம். கயான் ஊரைப் பற்றிய விவாதத்தில் மற்ற மக்கள் மறைந்துவிடுகிறார்கள். மே ஹாங் சொன்னில் எண்ணிக்கையில் பெரியவர்கள் ஷான் மக்களும் கரேன் மக்களும்தான். நான் தறிக்காரன், நாங்கள் அங்கே போனதே கரேன் நெசவைப் பார்க்க.

அவர்களுடைய தறிக்குக் குழியும் கிடையாது, சட்டமும் கிடையாது. பாவின், அதாவது நீளவாட்டு நூல்களின், ஒரு முனையை வீட்டுத் தூணில் கட்டி, மறுமுனையை இடுப்பில் ஒரு வாருடன் பூட்டிக்கொண்டு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து நெய்கிறார்கள். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும். நெய்பவரின் முதுகுதான் தறியின் சட்டம். பாவைப் பிரிக்கும் விழுது நூலைக் கையால் தூக்கி, ஊடையை, அதாவது குறுக்கு நூலை, செலுத்தி, பட்டாக்கத்தி போன்ற ஒரு மரப்பட்டையால் தட்டி இறுக்குகிறார்கள். நாடா ஓடும் ஓசையிலேயே வளர்ந்த எனக்கு அந்த அமைதி முதலில் ஒட்டவில்லை. கை எட்டும் அகலத்துக்கு மேல் துணி வராது. அதனால்தான் அவர்களுடைய மேலாடை இரண்டு குறுகிய துணிகளை நடுவில் இணைத்து, கழுத்துக்கு மட்டும் தையல் போடாமல் விட்டதாக இருக்கிறது. மணமாகாத பெண்கள் நீண்ட வெள்ளை அங்கி அணிகிறார்கள். மணமானவர்கள் மேலாடையும் கீழாடையும் தனித்தனியாக அணிகிறார்கள். ஒருவகைப் புல்லின் வெண்ணிற விதைகளை மணிகளாகக் கோத்து மேலாடையில் தைத்த வேலைப்பாட்டைப் பார்த்து என் துணைவியார் அந்த இடத்தைவிட்டு நகர மறுத்துவிட்டார்.

சந்தையில் வாங்கும்போது இதை வைத்தே சோதித்துக்கொள்ளலாம். நடுவில் இணைப்பு இல்லாமல் முழு அகலத்துக்கு ஒரே துணியாக இருந்தால் அது இடுப்புத் தறியில் நெய்ததல்ல. பூ வேலைப்பாட்டின் பின்பக்கம் வெளுப்பாக இருந்தால் அச்சடித்தது. இரவுச் சந்தைகளில் விற்பவற்றில் பெரும்பகுதி எங்கோ ஆலையில் ஓட்டியது. பவானி ஜமக்காளத்தின் பெயரில் விசைத்தறிச் சரக்கு விற்கப்படுவதைப் பார்த்து வயிறெரியும் நமக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேரில் நெய்தவரிடம் வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். ஒரு தோள்பைக்கு எத்தனை நாள் உட்கார வேண்டும் என்று பார்த்துவிட்டால் பேரம் பேச வாய் வராது.

மே லா நோய் வட்டாரத்தில் ஹுவாய் ஹோம் என்ற கரேன் ஊர் இருக்கிறது. அங்கே செம்மறி வளர்த்து, கம்பளி நூலைத் தாங்களே நூற்று நெய்கிறார்கள். நல்ல காப்பியும் விளைவிக்கிறார்கள். 1969இல் அந்நாட்டு மன்னர் தொடங்கிய அரச திட்டத்தால், ஒரு காலத்தில் அபின் விளைந்த வடதாய்லாந்து மலைகளில் காப்பியும் பழமரங்களும் காய்கறியும் வந்த கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 108 வழியாகத் திரும்புவதானால் ஹுவாய் ஹோம் அதிகம் விலகாத வழி. குன் யுவாம் அருகே முவாங் பொன் என்ற ஷான் ஊரிலும் வீடுகளில் தங்கலாம். உங்கள் தாயாருக்கு மலையேற்றம் இல்லாத வயல்வெளி ஊர் அதுதான்.

மறுமொழி: கோபிசெட்டிபாளையத்திலிருந்து

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். ஹுவாய் பு கெங்கில் ஒரு பகல் தங்கி நெசவு கற்றுக்கொள்வது என்றால் தான் வருவதாக மகள் சொல்லிவிட்டாள். சுருளைப் பற்றி அவர்களாகப் பேசினாலன்றி யாரும் கேட்கக்கூடாது என்று எங்கள் மூவருக்கும் நிபந்தனை விதித்திருக்கிறாள். முவாங் பொன்னில் இரண்டு இரவு தங்குவதற்கு எழுதிக் கேட்கப் போகிறோம். தாயாருக்கோ அந்தக் கடலை மாவு டோஃபுவின் மீதுதான் இப்போது முழு நினைப்பும்.

ஒன்றை மட்டும் தாளவாடி ஐயாவிடம் கேட்க வேண்டும். அங்குள்ள பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக மிட்டாய், பேனா, நோட்டு, பழைய உடைகள் என்று ஒரு பையை என் மனைவி தயார் செய்யத் தொடங்கியிருக்கிறார். எடுத்துச் செல்வது முறைதானா?

பதில்: தாளவாடியிலிருந்து

தம்பி, மிட்டாயையும் பழைய உடையையும் வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். வண்டி நின்றதும் பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசுகிறவர்கள் இரண்டு பருவம் தொடர்ந்து வந்துபோன ஊரில், மூன்றாம் பருவத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூட நேரத்தில் சாலையோரம் நிற்கத் தொடங்கிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தவன் நான்தான். நோட்டும் பேனாவும் கொடுக்க விரும்பினால், அங்கே போன பிறகு அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் என்ன குறைவாக இருக்கிறது என்று கேட்டு, மே ஹாங் சொன் சந்தையிலேயே வாங்கி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தங்கும் வீட்டாருக்கு ஏதேனும் கொண்டுபோக வேண்டும் என்று உங்கள் மனைவி விரும்பினால், நம் ஊர் மஞ்சள்தூள் அரைக் கிலோ போதும். ஷான் சமையலில் மஞ்சள் உண்டு என்பதால் வீணாகாது. அவர் கட்டிய பை பெரிதாக இருந்தால், அதில் பாதியை எனக்கு அனுப்புங்கள். பர்கூர் மலைப் பள்ளிகளில் நோட்டுக்குத் தேவை இருக்கிறது.